சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே நகரும் தடுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திறந்த சமையலறை உள்ள ஃபிளாட்டில் குடியேறியவர்கள், முதல் மீன் குழம்பு வைத்த அன்றே தடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வேண்டும்போது மூடி, வேண்டாதபோது ஒதுக்கிவைக்கும் ஸ்லைடிங் கண்ணாடித் தடுப்புதான் பலருடைய தேர்வு. அதன் கதவுகள் மேலே டிராக் எனும் தண்டவாளத்தில், ரோலர் எனும் சிறு சக்கரங்களில் தொங்கி ஓடும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரே இடங்களில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். கைப்பிடி, நிறம் எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியவை. அவற்றை விட்டுவிடுவோம்.

ஃபால்ஸ் சீலிங்கில் டிராக் மாட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் இது நின்றபாடில்லை. பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது.

கண்ணாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 2.5 கிலோ எடை. 3 அடிக்கு 7 அடி, 8 மி.மீ. கண்ணாடி என்றால் ஏறக்குறைய 39 கிலோ. அலுமினிய ஃபிரேமோடு 45 ஆகிவிடும். 9 அடித் திறப்புக்கு மூன்று கதவுகள், 135 கிலோ. ஒரு பக்கமாக ஒதுக்கினால் அவ்வளவு எடையும் ஒரே 3 அடியில் வந்து நிற்கும். மேலே இருப்பதோ 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு, அதைப் பிடித்திருக்கும் அரை மி.மீ. தகட்டு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனல். "உள்ளே பிளைவுட் கொடுத்திருக்கிறோம்" என்பார்கள் சீலிங் போடுகிறவர்கள். அந்த பிளைவுட்டும் அதே சேனலில்தான் தொங்குகிறது.

முதலில் ஒன்றும் தெரியாது. சில மாதங்களில், மூடிய கதவு தானாகவே இரண்டு விரற்கடை நகர்ந்து நிற்கும். டிராக் தொய்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். பிறகு டிராக்கை ஒட்டி சீலிங்கில் மயிரிழை விரிசல் விழும். பட்டி பூசி மறைத்தாலும் அதே இடத்தில் மறுபடி வரும். கடைசியில் சீலிங்கை அறுத்து, கதவுகளைக் கழற்றி, புதிதாகச் சட்டம் போட்டு, பெயின்ட் வரை எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். அதுவும் குடியிருக்கும் வீட்டில், சமையல் நடக்கும் இடத்தில், ஜிப்சம் தூசிக்கு நடுவே.

சரியான முறை இது. ஃபால்ஸ் சீலிங் வேலை தொடங்கும் முன்பே டிராக்கின் இடத்தை முடிவு செய்யுங்கள். திறப்புக்கு நேர் மேலே பீம் இருந்தால் அதிலேயே ஆங்கர் போல்ட் (கான்கிரீட்டுக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) அடிக்கலாம். இல்லையென்றால் 2 அங்குல, 3 மி.மீ. கன எம்.எஸ். (சாதா இரும்பு) சதுரக் குழாயில் சட்டம் செய்து ஸ்லாபிலிருந்து இறக்குங்கள். 2 அடிக்கு ஒரு தொங்கு கால். ஒவ்வொரு காலின் தலையிலும் 6 மி.மீ. தகடு, நான்கு 10 மி.மீ. ஆங்கர் போல்ட். சட்டம் பக்கவாட்டில் ஆடாமலிருக்கக் குறுக்குச் சாய்வுக் குழாய் அவசியம். ஜிப்சம் போர்டு டிராக்கின் இரு ஓரங்களிலும் நின்றுவிட வேண்டும். டிராக் ஸ்குரூ இரும்பில்தான் இறங்க வேண்டும்.

துளை போடும் முன் ஸ்லாபுக்குள் ஓடும் வயரிங் பைப் எங்கே என்று பாருங்கள். போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் (உள்ளே கம்பியை இழுத்துக் கட்டிய ஸ்லாப்) உள்ள கட்டடம் என்றால், பில்டரிடம் வரைபடம் வாங்காமல் டிரில்லைக் கையில் எடுக்கவே கூடாது. அந்தக் கம்பி அறுந்தால் அது ஒரு வீட்டோடு போகிற சேதமல்ல.

டைல்ஸ் போடும் முன் அளவெடுப்பது

டஃபன்ட் கண்ணாடியை (சூடேற்றிக் கெட்டிப்படுத்தும் கண்ணாடி) பதப்படுத்திய பிறகு அறுக்கவும் முடியாது, துளையிடவும் முடியாது. தரை முடிந்த பிறகு உயரத்தையும் அகலத்தையும் மூன்று மூன்று இடங்களில் அளந்து, சிறிய அளவை எடுங்கள்.

காற்று வழியை மறப்பது

சிம்னி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். தடுப்பையும் ஜன்னலையும் சேர்த்து மூடினால் சிம்னி சத்தம்தான் போடும், புகையை இழுக்காது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே வெளிச்சுவரில் தாழ்வாக ஒரு காற்றுத் துளை இல்லாத சமையலறையை முழுக்க அடைக்காதீர்கள்.

அடுப்பை ஒட்டி பி.வி.சி. மடிப்புக் கதவு

கூடாது. சூட்டில் இளகும், தீயும் பிடிக்கும்.

தரையில் டிராக்

மேலே தொங்கும் கதவுக்குத் தேவையில்லை. அடியில் கதவு ஆடாமல் பிடிக்கும் ஒரு சின்ன கைடு போதும்.

ரோலருக்கு எண்ணெய்

விடாதீர்கள். தாளிப்புப் புகையும் தூசியும் அதில் ஒட்டி, தார் மாதிரி இறுகிவிடும். துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும்.

வரிக் கண்ணாடியின் பக்கம்

வரிகள் ஹால் பக்கம் இருக்கட்டும். சமையலறைப் பக்கம் வைத்தால் ஒவ்வொரு வரியிலும் எண்ணெய்ப் பிசுக்கு இறங்கும்.

கதவு ஒதுங்கும் இடம்

ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கும் மூன்று கதவுத் தடுப்பில் 9 அடித் திறப்பு முழுதாகத் திறக்காது, 6 அடிதான் கிடைக்கும். மீதி 3 அடிக்குப் பின்னால் சுவிட்ச் போர்டோ ஃபிரிட்ஜ் கதவோ மாட்டிக்கொள்கிறதா என்று, ஆர்டர் கொடுக்கும் முன் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுப் பாருங்கள்.