இறங்குமிடம் தெருமுனைக் கடையாக இருக்கட்டும்

தனியாகச் சென்னை வந்து பெசன்ட் நகர், அண்ணா நகர் போன்ற இடங்களில் அமைதியான தெருவில் தங்கும் பெண்கள், ஆட்டோவோ கேபோ புக் செய்யும்போது தங்கும் வீட்டைப் போடாமல் தெருமுனை மருந்துக்கடையை இறங்குமிடமாகப் போடுங்கள். எந்த கேட்டுக்குள் நுழைகிறீர்கள் என்பது ஓட்டுநருக்குத் தெரியக் கூடாது. அதனால் வண்டி கிளம்பிப் போன பிறகே நடங்கள். தினமும் அங்கேயே இறங்கினால் கடைக்காரருக்கும் பக்கத்து இஸ்திரி வண்டிக்காரருக்கும் உங்கள் முகம் பழகிவிடும். ஆள் நடமாட்டமில்லாத தெருவில் அது பெரிய துணை.

ராத்திரி கடை அடைத்த பிறகு இது வேண்டவே வேண்டாம். ஓட்டுநருக்கு வீடு தெரிவதைவிட இருட்டில் தனியே நடப்பதுதான் ஆபத்து. தங்கும் வீட்டின் உரிமையாளரை முன்கூட்டியே போனில் கூப்பிட்டு கேட் அருகே நிற்கச் சொல்லிவிட்டு, நேரே வாசலிலேயே இறங்குங்கள். மனசுக்குச் சரியில்லை என்று பட்டால் தயங்காமல் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.