செஞ்சிக்குப் போனால் முதலில் மலை, அப்புறம்தான் மஹால்

விடுமுறையில் ஊருக்கு வரும் நம்மவர்கள் பலர் செஞ்சிக் கோட்டையைப் பார்ப்பது இப்படித்தான்: திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, கோட்டையின் அடிவாரத்தில் இருக்கும் கல்யாண மஹால் முன்னால் நாலு படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். ஆகஸ்ட் மாதம், உச்சிவெயில். மலையில் கால்வாசி ஏறுவதற்குள் தண்ணீர் தீர்ந்துபோய்த் திரும்பினோம்.

இதற்கென்று ஒரு காலைப்பொழுதை முழுசாக ஒதுக்குங்கள். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக ஏறத்தாழ 160 கி.மீ. முந்தின இரவே திண்டிவனத்திலோ திருவண்ணாமலையிலோ தங்கிவிட்டால் கோட்டை திறக்கும்போது வாசலில் நிற்கலாம். பௌர்ணமி நாள் வேண்டாம், கிரிவலத்துக்குப் போகிற கூட்டம் அந்தச் சாலையில்தான் போகும்.

நுழைவுச் சீட்டு மத்திய தொல்லியல் துறையுடையது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியர் கட்டணம்தான். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் அப்படியே. அட்டையைச் சூட்கேஸில் பூட்டி வைத்துவிட்டு வாசலில் வாதாடிப் பயனில்லை.

சரி, உள்ளே போனதும் நேரே ராஜகிரி மலை. சுமார் 800 அடி உயரம். மதியத்துக்கு மேல் போனால் ஏற விடாமல் நிறுத்திவிடுவார்கள் என்பதாலும் இதுதான் முதல் வேலை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள காலணி. தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்குக்குத்தான் போய்ச் சேரும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவைச் சிறு பாலம் ஒன்றால்தான் கடக்க வேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி பிடித்த இந்தக் கோட்டைக்குள் அவர் மகன் ராஜாராம் இருந்தபோது, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை மல்லுக்கட்டியது ஏன் என்பது மூச்சிரைக்க அங்கே நிற்கும்போது பிடிபடும்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கெஞ்சி மேலே ஏற்ற வேண்டாம். அவர்களுக்குக் கீழேயே கல்யாண மஹால், களஞ்சியம், சாதத்துல்லா கான் மசூதி எல்லாம் உண்டு. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் கதைப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் செட்டிக்குளம் வரை நடக்கட்டும். 1714இல் ஆற்காட்டு நவாபான அந்தச் சாதத்துல்லா கானோடு மோதி, இளவயதிலேயே மாண்ட தேசிங்கை எரித்தது அந்தக் குளக்கரையில்தான் என்பார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிருஷ்ணகிரி மலைக்குக் கூட்டம் குறைவு, ஏற்றமும் குறைவு. காலில் தெம்பு மிச்சமிருந்தால் அதையும் பார்த்துவிடலாம்.

2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மராட்டியக் கோட்டைகள் 12இல் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். அதனால் கூட்டம் சேரும் வார இறுதியைத் தவிர்ப்பது நல்லது.

அங்கிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களைத் தொட்டுப் பாருங்கள். அவை செஞ்சியிலிருந்து போனவை.