குளியல் சோப்பில் முகச்சவரம்: சோப்பை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள்

போன வருடம் நாகர்கோவிலில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தபோது ஷேவிங் கிரீமை மறந்துவிட்டேன். பிரஷும் ரேசரும் மட்டும் பையில் இருந்தன. சரி என்று குளியலறையில் கிடந்த சந்தன சோப்பில் பிரஷைத் தேய்த்தேன். நுரை கெட்டித் தயிர் மாதிரி எழும்பி வந்தது. மாமாவிடம் சொன்னால், “நாங்க காலங்காலமா இதுலதான மாப்பிள செய்யோம்” என்று சிரிக்கிறார்.

சென்னை மேடவாக்கத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அதே சோப், அதே பிரஷ். முகத்தில் நுரைக்குப் பதிலாகத் திரிந்த பால் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டது. ரேசர் இழுக்க இழுக்கக் கழுத்தெல்லாம் சிராய்ப்பு. மூன்று நாள் மூன்று சோப் மாற்றினேன். நாலாவது நாள்தான் மரமண்டைக்கு உறைத்தது: மாறியது சோப் அல்ல, தண்ணீர். எங்கள் வீட்டில் வருவது போர் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற ரகம்.

ரேசரில் பிளேடு மாட்டுவது, முடி வளரும் திசையைப் பார்ப்பது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. சோப்பைத் தேர்ந்தெடுப்பது

உறையின் பின்பக்கம் ‘டி.எஃப்.எம்.’ என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. 76-க்கு மேல் இருந்தால் முதல் தரம், 70-க்கு மேல் இரண்டாம் தரம், 60-க்கு மேல் மூன்றாம் தரம். முதல் தரத்தில் எதை வேண்டுமானாலும் எடுங்கள். என் ஓட்டு மைசூர் சாண்டலுக்கு. 1916-ல் மைசூர் சமஸ்தானம் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் சரக்கு. வாசனை சவரத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் இல்லை. உறையில் ‘பாத்திங் பார்’ என்று இருந்தால் எடுக்காதீர்கள். அதில் கொழுப்பு குறைவு.

2. தண்ணீர்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான்.

எங்கள் போர் தண்ணீர் மாதிரியான உப்புத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கும். சோப் அவற்றோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத பிசுக்காக மாறிவிடும். எல்லாம் பிசுக்கான பிறகு மிஞ்சுகிற சோப்தான் நுரைக்கும். குளிக்கும்போது சோப்பை இன்னும் நாலு தேய் தேய்த்தால் சரியாகிவிடும். பிரஷில் ஒட்டுவது கொஞ்சூண்டு சோப் என்பதால் அது மொத்தமும் பிசுக்குக்கே போய்விடுகிறது.

உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிய ஒரு சின்ன சோதனை. காலி பாட்டிலில் கால்வாசி தண்ணீர், அதில் நகக்கண் அளவு சோப். கரையும்வரை நன்றாகக் குலுக்கி வையுங்கள். நுரை நின்றால் கவலையில்லை. நுரை அடங்கி, தண்ணீர் கலங்கித் திட்டுத் திட்டாக மிதந்தால் நீங்கள் என் கட்சி.

தீர்வு எளிது: அரை டம்ளர் கேன் தண்ணீர். மழை பெய்தால் மொட்டைமாடியில் பிடித்த தண்ணீர் இன்னும் உத்தமம். கொதிக்க வைத்தால் போதாதா என்றால், உப்பில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் படியும், மற்றது அப்படியே இருக்கும். எங்கள் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் பார்த்துவிட்டேன், பெரிய வித்தியாசம் இல்லை.

இதிலும் ஒரு தடவை ஏமாந்தேன். கேன் தண்ணீரை டம்ளரில் தயாராக வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் பிரஷைக் குழாயில் நனைத்தேன், முகத்தையும் குழாயிலேயே கழுவினேன். மறுபடி திரிந்த பால்! பிரஷ் நனைவதும் தாடி நனைவதும் டம்ளர் தண்ணீரில்தான் நடக்க வேண்டும். குழாயில் முகம் கழுவினால் துடைத்துவிட்டு, கேன் தண்ணீரால் தாடியை மறுபடி நனையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. இரண்டு மூன்று நிமிடம் ஊறினால்தான் முடி இளகும்.

3. நுரை

கிண்ணத்தில் சோப்பைத் துருவிப் போட்டுக் கலக்குகிற வீடியோக்களைப் பார்த்து நானும் துருவினேன். துருவியைக் கழுவியும் மறுநாள் தேங்காய்ச் சட்னியில் சந்தன வாசனை. வேண்டாம். ஈரத் தாடியில் சோப்பையே நேராகத் தேயுங்கள், முடிக்கு எதிர்த்திசையில், ஒரு பூச்சு படியும்வரை. அப்புறம் உதறிய பிரஷால் வட்ட வட்டமாகச் சுற்றுங்கள். பிரஷ் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டு எடுத்தால் போதும். பெரிய பெரிய குமிழி தெரிந்தால் தண்ணீர் அதிகம், மறுபடி சோப்பைத் தேயுங்கள். இட்லி மாவுப் பதம் வந்தால் நிறுத்திவிடலாம்.

4. சவரம்

குளியல் சோப் நுரை சீக்கிரம் காய்ந்துவிடும். சவர சோப்பில் ஸ்டீரிக் அமிலம் நிறைய, அதோடு பொட்டாசியம் காரமும் சேர்த்திருப்பார்கள். அதனால் நுரை கெட்டியாக நெடுநேரம் நிற்கும். குளியல் சோப் சோடியம் காரத்தில் செய்வது. அதனால் முகம் முழுக்க ஒரேயடியாக நுரை போடாதீர்கள். இடது கன்னம் போட்டு மழியுங்கள், அப்புறம் வலது, கடைசியில் கழுத்து. ரேசரை அழுத்த வேண்டாம், அதன் எடையே போதும். முதல் சுற்று முடி வளரும் திசையில் மட்டும். முடிந்ததும் ஈரப் படிகாரக் கல்லை ஒரு தடவு. எரிகிற இடமெல்லாம் நீங்கள் அழுத்திய இடம்.

பிரஷ் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: செயற்கை இழைப் பிரஷ்தான். பன்றிமுடிப் பிரஷ் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பதம் வந்த நுரையை நீர்க்கச் செய்துவிடுகிறது. பழகியவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

பிற்சேர்க்கை 1: நுரை இன்னும் சீக்கிரம் காய்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே நின்று மழிக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஒருவர் அப்படித்தான் செய்திருக்கிறார். இல்லையென்றால் மருந்துக் கடையில் கிடைக்கிற கிளிசரின் இரண்டு சொட்டு பிரஷ் நுனியில். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். தேங்காய் எண்ணெய் விட்டவருக்கு நுரையே செத்துப்போயிற்று. எண்ணெய் பிடிக்குமென்றால் சோப்புக்கு முன்னால் தோலில் ஒரே ஒரு சொட்டு, அதற்கு மேல் கூடாது.

பிற்சேர்க்கை 2: ஒரு மாதம் கழித்துப் பிரஷ் விறைத்துப்போய் அடியில் வெள்ளைப் பிசுக்கு ஒட்டியிருந்தது. மழிப்பதெல்லாம் கேன் தண்ணீரில், பிரஷ் அலசுவது மட்டும் குழாயில்! ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வினிகர் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்தேன், பிசுக்கு விட்டுப்போனது. இப்போது கடைசி அலசலுக்கும் கொஞ்சம் கேன் தண்ணீர் மிச்சம் வைக்கிறேன்.