சின்னப் பழைய வண்டி: வாங்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது, தாழ்ந்த ஹேண்டில்பாரும் ஒற்றை இருக்கையுமாகப் பந்தய வண்டி போலத் தோன்றும் கஃபே ரேசராக மாற்றப்போகிறேன் என்று யாராவது வந்து நின்றால், நான் வண்டியின் படத்தைப் பார்ப்பதில்லை. ஆர்.சி. புத்தகத்தை, அதாவது பதிவுச் சான்றைத்தான் கேட்பேன். பாதிப் பேர் அங்கேயே விழிப்பார்கள்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1994இல் பதிவான வண்டி என்றால் 2009, 2014, 2019, 2024 என நான்கு முறை புதுப்பித்திருக்க வேண்டும். கொட்டகையில் கிடந்த வண்டிகள் பெரும்பாலும் முதல் புதுப்பித்தலைக்கூடத் தாண்டியிருக்காது. அதைவிடச் சிக்கல், புத்தகத்தில் பெயர் உள்ளவர் காலமாகி, வண்டி மூன்று கை மாறி வந்திருப்பது. உரிமை மாற்றும் 29, 30 படிவங்களில் உரியவர் கையெழுத்து வேண்டும். விற்பவரின் வாய்ச்சொல் ஆர்டிஓ அலுவலகத்தில் செல்லாது.

நம் பக்கத்துக்கென்று ஒரு கூடுதல் தொல்லையும் உண்டு. கடலூரில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் புதுச்சேரி. ஆனால் அங்கத்து பிஒய் 01 எண் வண்டியை நம் கடலூரின் டிஎன் 31 ஆக்குவதற்குத் தடையில்லாச் சான்று, இந்தப் பக்கத்து வரி, மறுபதிவு என அத்தனையும் வேண்டும். ஐயாயிரம் குறைவு என்று எல்லை தாண்டிப் போய் வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துக் குழாயில் பொறித்த சேஸ் (வண்டியின் எலும்புக்கூடான இரும்புச் சட்டம்) எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் மினுங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது உப்பு. கடலூர் முதுநகரில் ஒரு வண்டியைப் பார்க்கப் போயிருந்தேன். டேங்க் கறுப்பு மை போலப் பளபளத்தது. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் சிறு காந்தத்தை அதன்மேல் நகர்த்தினேன். மேலே கெட்டியாகப் பிடித்தது. முழங்கால் ஒட்டும் குழிவுக்கு வந்ததும் வழுக்கி விழுந்தது. அடியில் இரும்பு இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசும் பட்டிதான். அதன்பிறகு குனிந்து, பின் மட்கார்டுக்கு உள்ளே சேஸ் குழாயில் ஸ்குரூ டிரைவரால் மெல்லத் தட்டினேன். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும். இது பொத்தென்றது, இரண்டாம் தட்டில் முனை உள்ளே போய்விட்டது. கடற்காற்றில் நின்ற வண்டி வெளியே தெரிவதைவிட உள்ளேதான் அதிகம் அரித்திருக்கும். டேங்கைச் சுத்தம் செய்யலாம், மட்கார்டு மாற்றலாம். சேஸ் அரித்த வண்டிக்கு வைத்தியம் கிடையாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் நம்மூர் வரம்தான். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததையும், பின்னாலேயே தென்பெண்ணை பொங்கியதையும் நாம் மறக்கவில்லை. விற்பவர் மட்டும் மறந்துவிடுவார். கியர் ஆயில் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி நாலு சொட்டு பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், சுழலும் அச்சைத் தாங்கும் கிராங்க் பேரிங்குகள் எண்ணெயில் ஊறி நிற்பதில்லை. பெட்ரோலோடு வரும் எண்ணெய்தான் அவற்றுக்கு ஆகாரம். ஓடாமல் ஈரத்தில் கிடந்தால் துரு பிடிப்பது நிச்சயம்.

அரிய வண்டி மீது மோகம் வைப்பது இன்னொரு தவறு. என்ஃபீல்டின் மினி புல்லட்டை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அதன் ஓர் உதிரிக்காக ஆறு மாதம் அலைய நேரிடும். முதல் முயற்சிக்கு என்னைக் கேட்டால் ஹீரோ ஹோண்டா சிடி 100தான். கவர்ச்சி குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே 97.2 சிசி எஞ்சின் பரம்பரையில் வந்த ஸ்ப்ளெண்டர் தெருவெங்கும் ஓடுவதால், அதன் கையறிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் இருப்பார். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996இலேயே நின்றுவிட்டது. அதன் 98 சிசிக்கும் 11 குதிரைத்திறனுக்கும் இன்று கேட்கப்படும் விலை, ஓட்டும் சுகத்துக்கல்ல, பெயருக்கு.

வாங்கிய அன்றே வெட்டுவதும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததோடு மாறுபடும்படி வண்டியை மாற்ற முடியாது. கஃபே ரேசர் இருக்கைக்காகப் பின் சேஸை அறுத்து வளையக் குழாய் வெல்டிங் செய்வதெல்லாம் வம்பு. இருக்கை, ஹேண்டில்பார் அளவில் நின்றுகொள்வது நல்லது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். எதைத் தொடும் முன்பும், வந்தபடியே ஒரு மாதம் ஓட்டுங்கள். கிளட்ச் வழுக்குகிறதா, கியர் தானாக விலகுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

ஓட்டிப் பார்க்க முடியாத வண்டியை வாங்கவே வாங்காதீர்கள். சாக்கு மூட்டையில் கட்டி, எல்லாப் பாகமும் உள்ளே இருக்கிறது என்ற சொல்லை நம்பி நான் ஒன்றை வாங்கினேன். வீட்டில் கொட்டிப் பார்த்தால், எஞ்சினின் இடப்பக்க மூடி இரண்டு இருந்தது. வலப்பக்க மூடி இல்லை. புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிறு சந்தைக்குப் போகும்போதெல்லாம் அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.