கடைக்காரரின் 555 கடன் புத்தகத்தையும் எடுத்து வையுங்கள்

"விவாகரத்து முடியட்டும், அப்புறம் ஜீவனாம்சம் கேட்டுக்கலாம்" என்றார்கள். அதை நம்பி எட்டு மாதம் மளிகைக் கடன் ஏற்றினேன். நீங்கள் அப்படிக் காத்திருக்காதீர்கள். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 77ஆம் பிரிவில், வழக்கு நடக்கும்போதே மனைவி ஜீவனாம்சம் கேட்கலாம். பிள்ளைகளுக்கு 93ஆம் பிரிவு.

இங்கே பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கணவர் சம்மதிக்காத விவாகரத்து என்றால், பெரும்பாலும் முதலில் தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போகவேண்டும். அதிலேயே ஆறு மாதம் ஓடிவிடலாம். அதுவரை பிள்ளைகள் சாப்பிட வேண்டாமா? 1950ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலோ செஷன்ஸ் கோர்ட்டிலோ அப்போதே கேட்கலாம். விவாகரத்து மனு ஈப்போ உயர்நீதிமன்றத்துக்குப் போனதும், வழக்கு முடியும்வரை ஜீவனாம்சம் கேட்டு அங்கே இடைக்கால மனு போடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால், வருமானத்தைக் காட்டி அரசாங்கச் சட்ட உதவி இலாகாவில் விண்ணப்பியுங்கள்.

நீதிபதி முக்கியமாகப் பார்ப்பது, உங்களுக்கு என்ன தேவை, கணவரிடம் என்ன இருக்கிறது என்பதைத்தான். வாயால் சொன்னால் போதாது. கடைக்காரர் என் பெயரில் வைத்திருந்த 555 புத்தகத்தை, அதாவது கடன் எழுதும் சின்ன நோட்டை, கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாக நகல் எடுத்தேன். அரிசி 10 கிலோ, எண்ணெய் பாக்கெட் 2.50 ரிங்கிட், மைலோ, சின்னவளுக்கு கலர் பென்சில் என்று ஒவ்வொரு வரியிலும் தேதி இருந்தது. பள்ளி வேன் ரசீது, கிளினிக் பில், வாடகைச் சீட்டு எல்லாம் சேர்த்து, சத்தியப் பிரமாண வாக்குமூலத்தோடு இணைத்தோம். தொகையைக் கூட்டி எழுதாதீர்கள். ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள். உங்கள் சம்பளத்தையும் மறைக்காதீர்கள்.

என் கணவரின் வருமானத்துக்கு ஆதாரமாக, செம்பனை ஆலைச் சம்பளச் சீட்டு ஒன்று பழைய சட்டைப் பையில் கிடைத்தது. அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சீட்டில் ஓவர்டைம் தனி வரியாக இருந்தது. வீட்டில் கிடக்கும் எந்தத் தாளையும் வீசாதீர்கள்.

உத்தரவு வந்ததும் பணம் வங்கிக் கணக்கில் வரட்டும், கையில் வாங்காதீர்கள். கட்டாவிட்டால், முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும்படி உத்தரவு கேட்க 1968ஆம் ஆண்டுப் பராமரிப்பு அமலாக்கச் சட்டம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பாக்கியை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. இரண்டாவது மாதம் தவறியதுமே கோர்ட்டுக்குப் போங்கள்.