சாலைப் பொறியாளர்கள் தொலைநிலையில் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையப் படிப்புத் தளங்களான என்.பி.டெல், ஸ்வயம் ஆகியவற்றில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் சாலை, போக்குவரத்துப் பாடங்களைக் காசில்லாமல் கேட்கலாம். வேலையில் இருக்கும் பொறியாளருக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் பலர் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய தவறு இல்லை.

தார்ச்சாலையின் கனம் கணக்கிடுவதையே எடுத்துக்கொள்வோம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நூலான ஐ.ஆர்.சி. 37-இன் 2018 பதிப்புப்படி, ஐ.ஐ.டி.பேவ் மென்பொருளில் அடுக்குகளின் விவரத்தைக் கொடுத்து, தார் அடுக்கின் அடியிலும் மண்தளத்தின் மேலும் வரும் திரிபு (சுமையால் நீளும் அல்லது அமுங்கும் அளவு) அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீடியோவில் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். தனியாகப் போடும்போதுதான் தடுமாறும். அச்சுச் சுமை 80 கிலோநியூட்டன். ஆனால் அந்த அச்சில் நான்கு சக்கரங்கள் என்பதால், மென்பொருளில் கொடுக்க வேண்டியது ஒரு சக்கரத்துக்கான 20,000 நியூட்டன். டயர் அழுத்தம் 0.56 மெகாபாஸ்கல், சிமென்ட் கலந்த அடித்தளம் தாங்குமா என்று பார்க்கும்போது மட்டும் 0.80. இதெல்லாம் கையால் போட்டால்தான் மனதில் நிற்கும். உங்கள் அலுவலகத்தில் போட்ட எஸ்டிமேட் ஒன்றை எடுங்கள். அதில் உள்ள சி.பி.ஆர். (மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் எண்), வாகனக் கணக்கெடுப்பை வைத்து நீங்களே கனத்தைக் கண்டுபிடித்துப் பாருங்கள்.

பாடம் எந்த ஆண்டு பதிவானது என்று பார்க்காமல் சேர்வது அடுத்த தவறு. 2012-க்கு முன் பதிவானது என்றால் அதில் ஐ.ஆர்.சி. 37-இன் 2001 பதிப்புதான் இருக்கும். அடிப்படை புரிய அது போதும், டிசைனுக்கு உதவாது. அமெரிக்கப் பாடங்களிலும் கவனம் தேவை. ஒரு சாலையில் எத்தனை வண்டிகள் போக முடியும் என்று கணக்கிட உதவும் அவர்களுடைய சாலைத் திறன் கையேடு (எச்.சி.எம்.), வண்டிகள் தடம் மாறாமல் ஓடும் சாலைக்கானது. பைக்கும் ஆட்டோவும் பஸ்ஸும் கலந்து ஓடும் நம் சாலைக்கு, மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய இந்தோ-எச்.சி.எம். 2017-தான் பொருந்தும்.

அப்புறம், நேரம். என்.பி.டெல் சான்றிதழில் 25 மதிப்பெண் வாராந்தரப் பயிற்சிகளுக்கு, 75 நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. ஜனவரியில் சேர்ந்தால் பயிற்சிகள் நிதியாண்டு முடியும் மார்ச் மாத பில் நெருக்கடியில் வந்து மாட்டும். ஜூலை பருவம் பரவாயில்லை.

கடைசியாக, இந்தச் சான்றிதழைப் பட்டமாக நினைக்காதீர்கள். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் தொடர்பான வழக்கில், 2005-க்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவற்றை வைத்துப் பதவி உயர்வு வாங்கியவர்கள் அதையும் இழந்தார்கள். பதவி உயர்வுக்காகப் படிக்கிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன்பே அந்தப் படிப்பு செல்லுமா என்று துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.