மேப் சென்சார் எரர் கோட்: பெங்களூரில் 91 கிலோபாஸ்கல் காட்டினால் பதற வேண்டாம்

செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0106, பி0107, பி0108 இவற்றில் ஒன்று வந்தால் உடனே பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டுக்குப் போய் மேப் சென்சார் வாங்கிவிடாதீர்கள். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை ஈசியூவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சொல்கிற சிக்னல் சரியில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். போனது சென்சாரா, ஒயரா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஃப்ரீஸ் ஃப்ரேமை, அதாவது எரர் வந்த நேரத்தில் பதிவான அளவுகளை, ஸ்கேனரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்; எரர் கோடை அழித்தால் அதுவும் போய்விடும். அடுத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து லைவ் டேட்டாவில் மேப் அளவைப் பாருங்கள். எஞ்சின் நிற்கையில் உள்ளே இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம்தான். சென்னையில் 101 கிலோபாஸ்கல் காட்டும் அதே கார், சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் 91 பக்கம் காட்டும். ‘100 வர வேண்டுமே’ என்று நல்ல சென்சாரைக் கழற்றிப் போடுவது இங்கேதான் நடக்கும். 15 என்றோ 115 என்றோ வந்தால்தான் கோளாறு. சூடான பெட்ரோல் எஞ்சின், ஏசி ஆஃப், ஐடிலில் 30–40க்கு இறங்க வேண்டும். 55, 60 என்று நின்றால் பெரும்பாலும் காற்றுக் கசிவு. சென்சாரின் ஓ-ரிங்கையும் பாருங்கள்.

பி0107 என்றால் சிக்னல் வோல்டேஜ் மிகக் குறைவு. கனெக்டரைக் கழற்றி, சாவி ஆனில், ரெஃபரன்ஸ் பின்னுக்கும் (சென்சாருக்கு 5 வோல்ட் வரும் பின்) கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 5 வோல்ட் வரவில்லையா? சென்சார் மேல் பழி இல்லை. அதே லைனில் இருக்கும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகியிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் 5 திரும்புகிறதோ அதில்தான் வினை. பேஸ்மென்ட்டில் நிற்கும் கார் என்றால் எலி கடித்த ஒயரை முதலில் தேடுங்கள். கிரவுண்ட் அறுந்தால் பெரும்பாலும் பி0108 வரும்.

5 வோல்ட் இருந்தால் மருந்துக்கடை சிரிஞ்ச் போதும், 50 மி.லி. சென்சாரை வெளியே எடுத்து, கனெக்டரை மாட்டி, அதன் மூக்கில் ரப்பர் டியூபால் சிரிஞ்சைப் பொருத்தி மெதுவாக இழுங்கள். 91-லிருந்து எண் வழுக்கிக்கொண்டு இறங்கி, விட்டதும் திரும்ப வேண்டும். நடுவில் உறைந்தாலோ குதித்தாலோ புதுசு வாங்குங்கள்.

மூக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் அடித்து நன்றாகக் காய விடுங்கள். கார்பரேட்டர் கிளீனர் வேண்டாம். ஊக்கு, குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். உள்ளிருக்கும் மெல்லிய தகடு கிழிந்துவிடும்.